மணப்பாட்டுக் கரையில் திமிங்கிலங்கள்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரப்பட்டினம், மணப்பாடு என்று ஊர்கள் வரிசையாக வரும். 1973ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், ஊரெங்கும் பொங்கல் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2016ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் மாலையில், அதே கரைக்கு, அதே இனத்தைச் சேர்ந்த திமிங்கிலங்கள் மறுபடியும் கூட்டமாக வந்தன. இம்முறை எண்பதுக்கு மேற்பட்டவை. இரண்டு முறையும் அவை இறந்து மிதந்து வரவில்லை. உயிரோடு நீந்தி வந்து மணலில் ஏறின.

கடலில் பிறந்து கடலிலேயே வாழும் விலங்கு தானே கரைக்கு வந்து உயிரை விடுவானேன்? இக்கேள்வி புதியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலிலேயே, டால்பின்கள் சில சமயம் கரையேறிவிடுகின்றன என்றும், அதன் காரணம் விளங்கவில்லை என்றும் குறித்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒரே சொல்லில் விடை கூற முடியவில்லை. ஆனால் பல பகுதி விடைகள் கிடைத்துள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு, அத்தகைய விலங்கொன்று நம் கண்முன் கரையேறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வோம்.

கரையில் ஏன் சாகிறது?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொங்கும் திமிங்கில எலும்புக்கூட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அதன் துடுப்பை உற்றுப் பாருங்கள். மீனின் துடுப்பில் இருப்பது போன்ற முட்கள் அங்கே இல்லை. நம் கையில் இருப்பது போலத் தோள் எலும்பும் முன்கை எலும்புகளும் விரல் எலும்புகளும் இருக்கும். திமிங்கிலமும் டால்பினும் மீன்கள் அல்ல, பாலூட்டிகள். வெப்பக் குருதி உடையவை. குட்டி ஈன்று பால் கொடுப்பவை. நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பவை.

காற்றைச் சுவாசிக்கும் விலங்கு கரையில் காற்றுக்கு நடுவே கிடந்து ஏன் சாக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதற் காரணம் எடை. நீரில் மூழ்கிய பொருளைத் தண்ணீர் மேல்நோக்கித் தாங்குகிறது என்று ஆர்க்கிமிடீசு விதியில் படித்திருப்பீர்கள். இரண்டு மூன்று டன் எடையுள்ள திமிங்கிலம் தன் எடையை உணராமல் வாழ்வது அந்தத் தாங்குதலால்தான். மணலில் கிடக்கும்போது அதன் முழு எடையும் அதன் நெஞ்சையே அழுத்துகிறது. நுரையீரல் நன்றாக விரிய முடிவதில்லை. அழுத்தப்பட்ட தசைகளுக்குக் குருதி ஓட்டம் குறைந்து, தசை சிதைகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. மணிக்கணக்கில் கரையில் கிடந்த விலங்கைக் கடலில் தள்ளிவிட்டாலும் அது பிழைக்காமற் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது காரணம் வெப்பம். திமிங்கிலத்தின் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. குளிர்ந்த நீரில் உடற்சூட்டைக் காக்கும் கம்பளி அது. வெயில் காயும் மணலில் அந்தக் கம்பளியைக் கழற்றிப் போட வழியில்லை. வியர்வையும் கிடையாது. உடற்சூடு ஏறிக்கொண்டே போகிறது. மெல்லிய தோல் உலர்ந்து வெடிக்கிறது. மூன்றாவது, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் தலைமேல் உள்ள மூச்சுத்துளை வழியே அலைநீரும் மணலும் புகுந்துவிடும்.

கூட்டமாக வாழும் இனம்

மணப்பாட்டுக் கரைக்கு வந்தவை குட்டைத் துடுப்பு வழிகாட்டித் திமிங்கிலங்கள். ஆங்கிலத்தில் பைலட் திமிங்கிலம் என்பார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவன் முன்னே சென்று வழி காட்டுகிறது என்று பழைய மாலுமிகள் நம்பியதால் இப்பெயர் வந்தது. பெயர் திமிங்கிலம் என்றாலும் இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கரிய உடல், உருண்டு புடைத்த நெற்றி, ஐந்து ஆறு மீட்டர் நீளம். ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மூழ்கிக் கணவாய்களைப் பிடித்து உண்ணும். தாயும் மகளும் பேரக்குட்டிகளுமாகச் சேர்ந்து வாழும். பெண் விலங்குகள் அறுபது வயதுக்கு மேலும் உயிரோடிருப்பதுண்டு. ஈனும் வயது கடந்த பிறகும் பாட்டிகள் கூட்டத்தோடு வாழ்கின்றன. விலங்குகளில் இது அரிய பண்பு.

உலகெங்கும் பெருங்கூட்டமாகக் கரையேறும் இனங்களில் இவையும், இவற்றின் நெருங்கிய உறவான நெட்டைத் துடுப்பு இனமும் முதலிடத்தில் உள்ளன. இந்தியக் கடலில் இது நெடுநாள் அறிந்த செய்தி. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்டு பிளைத் என்னும் விலங்கியலார், அந்நகரை அடுத்த உப்பேரிகளில் சிக்கிய இவ்வினத் திமிங்கிலங்களை ஆராய்ந்து 1852ஆம் ஆண்டிலேயே விவரித்தார். யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணையில் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறிய செய்தியைக் கொழும்பு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பியர்சன் 1931இல் வெளியிட்டார். அவை வழிகாட்டித் திமிங்கிலங்களைப் போலவே கூட்டமாக வாழும் வேறோர் இனம்.

1973இல் தூத்துக்குடியிலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிவியலார் மணப்பாட்டுக் கரைக்குச் சென்று பார்த்து, எண்ணி, அளந்து, ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரை இருந்ததால்தான் 2016இல் நாம் “இது முதல் முறையன்று” என்று சொல்ல முடிந்தது. எண்ணி எழுதி வைப்பது எத்துணைப் பயனுடைய வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காரணங்கள் பல

டால்பின்களும் பல்லுள்ள திமிங்கிலங்களும் ஒலியை அனுப்பி, அது பொருள்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு வழி அறிகின்றன என்பது 1950களில் உறுதிப்பட்டது. இதை அடிப்படையாகக் கொண்டு டச்சு அறிஞர் டூடாக் வான் ஹீல் 1962இல் ஒரு விளக்கம் தந்தார். செங்குத்தான பாறைக் கரையில் பட்ட ஒலி தெளிவாகத் திரும்பி வரும். மெல்லச் சரியும் மணற்கரையில் அப்படி வராது; ஒலி சிதறிப் போகும். அலை கிளப்பிய மணலும் நுரையும் அதை மேலும் மங்கலாக்கும். ஆழ்கடலில் பழகிய விலங்குக்கு முன்னே கரை இருப்பதே புலப்படாமல் போகலாம் என்பது அவர் கருத்து.

1985இல் மார்கரெட் கிளினோவ்ஸ்கா என்னும் ஆங்கில ஆய்வாளர் வேறு வழியில் சென்றார். பிரிட்டனில் திமிங்கிலங்கள் உயிரோடு கரையேறிய இடங்களைப் புவிக் காந்தப் புலத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் கூறினார். ஆனால் 1994இல் நியூசிலாந்தில் அதேபோல ஒப்பிட்டவர்கள் அத்தகைய தொடர்பு அங்கே இல்லை என்று கண்டார்கள். ஓரிடத்தில் பொருந்திய விளக்கம் மற்றோரிடத்தில் பொருந்தவில்லை. அறிவியல் இப்படித்தான் நடைபோடுகிறது.

மனிதன் உண்டாக்கும் ஓசையும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாத் தீவுகளில் பதினேழு திமிங்கிலங்களும் டால்பின்களும் கரையேறின. அவற்றுள் பெரும்பாலானவை அலகுத் திமிங்கிலங்கள். அப்போது அப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவிகளை இயக்கிப் பயிற்சி நடத்தியிருந்தது. அந்த ஒலியே காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் அறிக்கை பின்னர் ஒப்புக்கொண்டது. 2002இல் கானரித் தீவுகளிலும் கடற்படைப் பயிற்சியின்போது இவ்வாறு நிகழ்ந்தது. அங்கே இறந்த விலங்குகளின் உறுப்புகளில் வாயுக் குமிழிகள் காணப்பட்டன. ஆழத்திலிருந்து விரைந்து மேலே வரும் முத்துக்குளிப்போருக்கும் மூழ்குவோருக்கும் வரக்கூடிய நோயைப் போன்றது அது. 2004இல் ஸ்பெயின் அரசு அத்தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறும் நிகழ்ச்சிகள் அங்கே நின்றன. காரணம் தெரிந்தால் தடுக்கவும் முடியும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நோயும் உண்டு. காதிலும் மூளையிலும் ஒட்டுண்ணிகள், வைரசு நோய்கள், வலையில் சிக்கிய காயம், கப்பல் மோதிய காயம் ஆகியவற்றால் நலிந்த விலங்கு நீந்த வலுவின்றி ஆழமற்ற நீருக்கு வந்துவிடலாம். தனியாகக் கரையேறும் விலங்கு பெரும்பாலும் இத்தகைய நோயாளியே.

அப்படியானால் நூறு விலங்குகள் ஒருசேர வருவது எப்படி? கூட்டுப் பாசம் என்பது நெடுநாளைய விடை. ஒன்று நோயுற்றுக் கரையை நெருங்க, அதன் அழுகுரல் கேட்டு மற்றவை பின்தொடர்கின்றன என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விடையைத் திருத்தியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் கூட்டமாக இறந்த விலங்குகளின் மரபுப் பொருளை ஆராய்ந்தபோது, ஒரே கூட்டத்தில் பல குடும்பங்கள் கலந்திருந்ததும், குட்டிகள் தம் தாய்க்கு அருகில் கிடக்கவில்லை என்பதும் தெரிந்தன. சில இடங்களில் தாயே அங்கில்லை. கரையேறும் முன்பே கூட்டத்தில் குழப்பம் ஏற்பட்டுக் குடும்பம் சிதறிவிடுகிறது போலும்.

நிலத்தின் அமைப்பையும் மறக்கக்கூடாது. நியூசிலாந்தின் பேர்வெல் மணல்நாக்கு கொக்கி போல வளைந்து ஒரு விரிகுடாவை அணைத்துக் கிடக்கிறது. 2017 பிப்ரவரியில் அங்கே நானூறுக்கு மேற்பட்ட வழிகாட்டித் திமிங்கிலங்கள் ஒரே இரவில் கரையேறின. அங்கே கடல்நீர் வற்றும்போது கரை வெகுதூரம் வெளியே தெரியும். உள்ளே வந்த கூட்டம் தரைதட்டிப் போகும். நம் கரை அப்படிப்பட்டதன்று. இங்கே ஏற்றவற்றத்தின் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆதலால் வற்றும் நீர் ஏமாற்றியது என்னும் விளக்கம் மணப்பாட்டுக்கு எளிதில் பொருந்தாது. மணப்பாட்டிலும் கடலுக்குள் நீண்ட மணற்குன்று ஒன்று உண்டு. அதையடுத்துக் கரை வளைகிறது. கூட்டம் வழி தவறி அந்த வளைவுக்குள் வந்து, ஆழமற்ற மணற்கரையில் திகைத்திருக்கலாம் எனலாமேயன்றி, அதுவே முடிந்த முடிபு எனலாகாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பெரிய உயிரினம் எது கரை ஒதுங்கினாலும் “நிலநடுக்கம் வரப்போகிறது” என்ற வதந்தி பரவுவது வழக்கமாகிவிட்டது. 1973 நிகழ்ச்சியை அடுத்தும் 2016 நிகழ்ச்சியை அடுத்தும் மணப்பாட்டுக் கடற்கரையில் அத்தகைய பேரலை எதுவும் எழவில்லை. அஞ்ச வேண்டியதில்லை.

நல்ல மனமும் நல்ல முறையும்

2016இல் மீனவர்கள் இரவென்றும் பாராமல் கடலில் இறங்கினார்கள். கையால் தள்ளினார்கள், படகுகளில் கட்டி இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டார்கள். வனத்துறையினரும் அறிவியலாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆயினும் விடப்பட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. வந்தவற்றில் பாதிக்கு மேல் இறந்தன. இறந்தவற்றைக் கரையிலேயே பெரிய குழிகள் தோண்டிப் புதைத்தார்கள்.

2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறைக் கரைக்கு ஏறத்தாழ 120 வழிகாட்டித் திமிங்கிலங்கள் வந்தன. கடற்படையினரும் கடலோரக் காவலரும் ஊர் மக்களும் இரவு முழுவதும் நீரில் நின்று அவற்றைக் கடலுக்குத் திருப்பினார்கள். சில மட்டுமே இறந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஏறத்தாழ 470 திமிங்கிலங்கள் சிக்கின. பயிற்சி பெற்றவர்கள் நாள்கணக்கில் உழைத்தும் நூற்றுச் சொச்சம்தான் பிழைத்தன. இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? எவ்வளவு விரைவில் உதவி கிடைக்கிறது, விலங்குகள் எவ்வளவு நேரம் மணலில் கிடந்தன என்பவை பெரிதும் முக்கியம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை.

எண்ணூரை எண்ணிப் பாருங்கள். 2017 ஜனவரி 28ஆம் நாள் அங்கே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. மாணவர்களும் மீனவர்களும் பணியாளர்களும் பாறைகளில் இறங்கி வாளியால் எண்ணெய்க் கசண்டை அள்ளியதைச் செய்தித்தாள்களில் படங்களாகப் பார்த்தோம். உதவ ஓடிவரும் மனம் நம் மக்களிடம் நிரம்ப உண்டு. முறையும் கருவியும் முன்பயிற்சியும்தான் போதவில்லை. திமிங்கிலம் கரையேறும் நாளிலும் இந்நிலையே வரக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வாழும் வாசகர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து படியுங்கள். சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அதன் சுவர்கள் வடக்கே போகும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே கரை கரைந்தது. கரைந்த கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். ஆகவே உங்கள் கரையின் பெரும்பகுதி இன்று மணலன்று, கல். டால்பினோ திமிங்கிலமோ இங்கே வந்தால் அலை அதைக் கல்லில் மோதும். அங்கிருந்து அதைக் கையால் இழுக்க முயல்வது விலங்குக்கும் உங்களுக்கும் ஆபத்து.

முதல் வேலை, செய்தி சொல்வது. வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் தொலைபேசி எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. எத்தனை விலங்குகள், எந்த இடம், உயிரோடு உள்ளனவா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அசையாமல் கிடப்பதால் இறந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இவை மூச்சுக்கு மூச்சு நீண்ட இடைவெளி விடும். சில நிமிடங்கள் மூச்சுத்துளையைக் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கூட்டத்தை விலக்குங்கள். நாய்களை ஓட்டுங்கள். கூச்சலும் தொடுகையும் படம் பிடிக்கும் ஆரவாரமும் அதன் அச்சத்தைப் பெருக்கும். வாலின் பக்கம் நிற்காதீர்கள்; ஒரே வீச்சில் கால் முறியும். அதன் மூச்சுக் காற்று உங்கள் முகத்தில் படவும் விடாதீர்கள். சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும்.

மூன்றாவது, மணற்கரையானால், விலங்கைக் குப்புற நிமிர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத்துளை மேலே இருக்கட்டும். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் பள்ளம் பறித்து நீர் ஊற்றினால் அழுத்தம் குறையும்; உடலும் குளிரும். பழைய வேட்டியையோ பருத்திப் புடவையையோ கடல்நீரில் நனைத்து உடல்மேல் போர்த்துங்கள். மூச்சுத்துளையை மூடாதீர்கள்; அதில் ஒரு சொட்டு நீரும் மணலும் போகக்கூடாது. மேலே துணிப் பந்தல் கட்டி நிழல் கொடுங்கள்.

நான்காவது, வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். துடுப்பைப் பிடித்தும் இழுக்காதீர்கள். மூட்டு பிசகும், முதுகெலும்பு முறியும், வால் முன்னே இழுபடும்போது மூச்சுத்துளை நீரில் மூழ்கி விலங்கு மூச்சுத் திணறும். நகர்த்தத்தான் வேண்டுமெனில் வயிற்றுக்கடியில் தார்ப்பாயைச் செலுத்திப் பலர் சேர்ந்து தூக்க வேண்டும். நியூசிலாந்தில் இதற்கென்றே காற்றடைத்த மிதவைகள் வைத்திருக்கிறார்கள். நீருக்குள் கொண்டுபோனதும் விட்டுவிடாதீர்கள். நெடுநேரம் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்த விலங்குக்குச் சமநிலை வர நேரமாகும். அது தானே நிமிர்ந்து மூச்சு விடும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். கூட்டமாக வந்தவற்றை ஒவ்வொன்றாக விட்டால், கரையில் கிடப்பவற்றின் குரல் கேட்டு அவை திரும்பிவிடும். கூடியவரை ஒருசேர விட வேண்டும். இவையெல்லாம் அதிகாரிகளும் கால்நடை மருத்துவரும் வந்த பின், அவர்கள் சொற்படி செய்ய வேண்டியவை. இதைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னால், மறுபடியும் கடலில் தள்ளி வதைக்காமல் இருப்பதே இரக்கம்.

ஐந்தாவது, எழுதி வையுங்கள். நேரம், இடம், எண்ணிக்கை, நீளம், காயங்கள், வலைத் துண்டுகள் ஏதேனும் உண்டா என்பவற்றைக் குறியுங்கள். அருகே ஓர் அளவுகோலையோ துடுப்புக் கட்டையையோ வைத்து ஒரு படம் எடுங்கள். இறந்த விலங்காயினும் தொடாமல் செய்தி சொல்லுங்கள். உடற்கூறு ஆய்வில்தான் பல காரணங்கள் வெளியாகின்றன. திமிங்கிலங்களும் டால்பின்களும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்பட்டவை. அவற்றின் உடலிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது குற்றமாகும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடலோர ஊர்ப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு தார்ப்பாயும் நான்கு வாளியும் பழைய துணியும் கொண்டு இந்த முறைகளைச் செய்து காட்டலாம். மணல் மூட்டை ஒன்றே திமிங்கிலமாகட்டும். செலவு மிகக் குறைவு. மணப்பாட்டில் இரு நிகழ்ச்சிகளும் பொங்கலையொட்டிய நாள்களில் நடந்தன. அரையாண்டு விடுமுறைக்கு முன்னரே இப்பயிற்சியை முடித்துவைத்தால், விடுமுறை நாளில் கரையில் நிற்கும் பிள்ளைகளில் யாரேனும் ஒருவருக்காவது என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.